பார்த்தாலே ஒட்டுமாம் சாயம்மை… தெரியுமா?

அனகாபுத்தூரில் ஒரு புது நோய் கிளம்பியிருக்கிறது, தெரியுமா? வந்தவருக்கு வேர்வை நிறம் நிறமாக ஓடும். முதல் நாள் மஞ்சள், மறுநாள் நீலம், அதற்கடுத்த நாள் அரக்குச் சிவப்பு! பனியன், தலையணை உறை, பாய் எல்லாம் கட்டம் கட்டமாகச் சாயம் ஏறிவிடும். எதிரே நிற்பவர் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் பேச்சு!

பதற வேண்டாம். தாம்பரம் மாநகராட்சிக்குப் போன் போடவும் வேண்டாம். இந்த நோய் பிறந்தது எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாலு பசங்க, ஒரு கோரைப்பாய், ஒரு தட்டு முறுக்கு, இருபது முகம் கொண்ட ஒரு பகடை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட விளையாட்டு. முதல் அச்சில் வெறும் ஆயிரம் பெட்டிதான்! ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாக, திருடனாக, மந்திரவாதியாக நுழைவார்கள். கத்தி பட்டதா, கதவு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். காய் நகர்த்தக் கட்டம்கூட அவசியமில்லை, வாய் இருந்தால் போதும்.

கதை சொல்பவன் என் அண்ணன் மகன். பத்தாவது படிக்கிறான். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனால் அவன் குரல் கேட்காது. அதனால் எங்கள் மாடிக்கென்று ஒரு தனி விதி உண்டு: விமானம் போகும்வரை பூதம் அசையாமல் நிற்க வேண்டும். இப்படி வீட்டிலேயே செய்துகொள்ளும் விதிக்கு ‘ஹோம்ப்ரூ’ என்று பெயராம். கடை மாவுக்கும் வீட்டில் அரைத்த மாவுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அத்தை, ஒரு மேஜிக் வியாதி வேணும். புக்ல இருக்கறது எல்லாம் போர். நீங்கதான் எழுதறவங்களாச்சே, ஒண்ணு செஞ்சு குடுங்க” என்றான்.

புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். 2014-ல் வந்த கதைசொல்லிக்கான கையேட்டில் மாதிரிக்கு மூன்றே மூன்று நோய்கள்! கெக்கெக்கே என்று சிரிக்க வைக்கும் ஒரு காய்ச்சல், சாக்கடையில் பிறக்கும் ஒரு கொள்ளைநோய், கண்ணை அழுக வைக்கும் ஒன்று. 2024-ல் வந்த புதுப் பதிப்பில் இவற்றுக்கு ‘மாயத் தொற்றுகள்’ என்று தலைப்பை மாற்றியிருக்கிறார்கள், எண்ணிக்கை கூடவில்லை. நம் சித்த மருத்துவ மரபு சொல்லும் நோய்களின் கணக்கு எத்தனை தெரியுமா? 4,448!

சிரிப்புக் காய்ச்சல் சும்மா கற்பனை என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1962 ஜனவரியில், இன்றைய தான்சானியாவில் கஷாஷா என்ற ஊர்ப் பெண்கள் பள்ளியில் மூன்று மாணவிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்த முடியவில்லை. 159 பேர் படித்த பள்ளியில் 95 பேருக்குப் பரவி, மார்ச் மாதம் பள்ளியையே மூட வேண்டியதாயிற்று! கிருமி எதுவும் கிடைக்கவில்லை, மன அழுத்தம் கூட்டமாக வெளிப்பட்ட விதம் என்கிறார்கள். அதற்கும் முன்னால் 1518-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துத் தெருவில் ஒரு பெண் ஆட ஆரம்பிக்க, ஊரில் பலர் நாள்கணக்கில் ஆடித் தீர்த்தார்கள். இதையெல்லாம் சொன்னபோது பையன் உதட்டைப் பிதுக்கினான். “அதெல்லாம் வெளிநாட்டு வியாதி அத்தை. நம்ம ஏரியா வியாதி வேணும்.”

நம்ம ஏரியாவா? கேட்டுவிட்டான் அல்லவா!

ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கிய கண் நோய் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ் ஐ! 1918-ல் சென்னையில் முதலில் கண்டறிந்து சொன்னதால் இந்தப் பெயர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சொன்ன இடமும் சாதாரண இடமில்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. கண்ணுக்கென்றே உலகில் ஏற்பட்ட மிகப் பழைய மருத்துவமனைகளில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து இதைத்தான் வைக்கிறார்கள். ஊர் பெயர் மெட்ராஸிலிருந்து சென்னை ஆகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கண் மட்டும் இன்னும் மெட்ராஸ்தான்!

இதே மாதிரிக் கண் நோய்க்கு மற்ற ஊர்க்காரர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள். 1969-ல் கானா நாட்டில் புதுவிதமான கண் சிவப்பு பரவியது. அதே சமயம் நிலாவில் மனிதன் இறங்கினான். உடனே அதற்குப் பெயர் ‘அப்போலோ’! நிலாவிலிருந்து இறங்கிய நோய் என்றே பேசிக்கொண்டார்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் கல்கத்தாவுக்கு வந்த நேரத்தில் பரவியதற்கு அங்கே ‘ஜாய் பாங்ளா’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு விடுதலை முழக்கம் கண் நோய்க்குப் பெயரான கூத்து வேறெங்கே நடக்கும்?

ஆனால் நான் சொல்ல வந்த அதிசயம் பெயரில் இல்லை. மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கும் என்று சின்ன வயதிலிருந்து நம்பி வந்திருக்கிறோமே, அதில் இருக்கிறது. பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டவர் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். வகுப்பில் ஒருத்திக்கு வந்தால் போதும், மற்றவர்களெல்லாம் தரையைப் பார்த்தே பேசுவோம். பார்வையில் பரவும் நோய்! எந்த மந்திரவாதிக்கு இந்த யோசனை வந்திருக்கும்? உண்மை என்னவென்றால் பார்வைக்கும் தொற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் அடினோ வைரஸ். கண்ணைக் கசக்கிய கை, அந்தக் கை தொட்ட கதவுப்பிடி, வீட்டில் எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரே துண்டு, இவைதான் வழி. காய்ந்த இடத்தில்கூட அந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கறுப்புக் கண்ணாடி நோயாளியின் கண் கூசாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவரை அது காப்பாற்றாது!

பையன் கண் விரிந்தது. “அப்ப கேம்ல எல்லாரும் பார்வைல பரவுதுன்னு நம்பணும். கறுப்புக் கண்ணாடி வாங்கக் காசைக் கரைக்கணும். ஆனா நெஜத்துல துண்டுல பரவுது! யாருக்கும் சொல்லக் கூடாது!” நோட்டில் முதல் விதியை எழுதிக்கொண்டான். நல்ல மாய நோய்க்கு லட்சணமே இதுதான் என்பது என் கட்சி. மந்திரம் என்பதற்காக இஷ்டத்துக்கு நடக்கக் கூடாது. ஒரு விதி இருக்க வேண்டும், அந்த விதி மறைந்திருக்க வேண்டும், தேடினால் கிடைக்கவும் வேண்டும்.

அடுத்த விதிக்கு ராத்திரி வரை காத்திருக்க வேண்டும். யானைக்கால் நோய்க்கு ரத்தம் சோதிக்க ஏன் ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிறார்கள், தெரியுமா? தூங்கும் பிள்ளையை எழுப்பி விரலில் குத்தும்போது கோபம்தான் வரும். விஷயம் என்னவென்றால் அந்தப் புழுக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். சுமார் பத்து மணிக்கு மேல் தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்துக்கு வந்து இரண்டு மணி வரை உலாத்தும்! ஏன் அந்த நேரம்? அதைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு கடிப்பது அந்த நேரத்தில்தான். கொசுவின் டைம் டேபிளுக்குப் புழு தன் டைம் டேபிளைப் பொருத்திக்கொண்டிருக்கிறது! பகலில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அடையாற்றங்கரையில் குடியிருக்கும் எங்களுக்குக் கொசுவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றாலும், இந்தச் சங்கதி கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மதுரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் ஊருக்கும் ஒரு நோய் உண்டு. 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் ஒரு விநோதமான கால் வீக்கத்தைப் பதிவு செய்தார். ‘மதுரா ஃபுட்’, அதாவது மதுரைக் கால் என்ற பெயர் மருத்துவ உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வெறுங்காலில் முள் குத்திய இடத்தில் மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போகிறது. வலிகூட அதிகம் இருக்காது. வருஷக்கணக்கில் கால் மெல்ல வீங்கி, சின்னச் சின்னத் துவாரங்கள் திறந்து, அதிலிருந்து மணிகள் உதிரும்! கடுகு மாதிரி, ரவை மாதிரி. சிலருக்குக் கறுப்பு, சிலருக்கு வெள்ளை, சிலருக்கு மஞ்சள், சிலருக்குச் சிவப்பு! எந்தக் கிருமி உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்த நிறமே துப்பு. கறுப்பு மணியை உண்டாக்கும் முக்கியப் பூஞ்சையின் அறிவியல் பெயர் என்ன தெரியுமா? ‘மதுரெல்லா’! கிருமியின் பெயரிலும் மதுரை. வெறுங்காலோடு வயலில் இறங்கும் ஏழைகளுக்கு வரும் நோய் என்பதால் நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2016-ல்தான் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் உலக சுகாதார அமைப்பு இதைச் சேர்த்தது.

நரம்புச் சிலந்தி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நரம்பும் இல்லை, சிலந்தியும் இல்லை. அது ஒரு புழு. கண்ணுக்குத் தெரியாத அளவில் குளத்துத் தண்ணீரோடு உள்ளே போய், சுமார் ஒரு வருஷம் கழித்து ஒரு மீட்டர் வரை வளர்ந்து, காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலை நீட்டும். எரிகிறதே என்று காலைத் தண்ணீரில் வைத்தால் போச்சு, அந்தக் கணத்துக்காகவே காத்திருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை நீரில் கொட்டிவிடும்! பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல். 2000-த்தில் நாடு இதிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. தடுப்பூசி இல்லை, மாத்திரை இல்லை, குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டியும் குளத்தில் கால் வைக்காமலும் ஒழித்த நோய்!

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கம்மா மாடி ஏறி வந்தார். பசங்களுக்கு ஆயா. கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த வீட்டில் தறிக்குத் தார், அதாவது ஊடை நூல் குழல், சுற்றியவர். இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்டால் எந்தத் தறியில் ஊடை அறுந்தது என்று சொல்லிவிடுவார். குச்சியில் சுற்றுகிற கதையைக் கேட்டதும், “தார் சுத்தற மாதிரியா?” என்றார். ஆமாம் அம்மா, அப்படியேதான்.

நிறம் நிறமாக மணி உதிரும் காலைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். “எங்கப்பா காலத்துல இங்கயிருந்து போன துணிக்கே அந்த வியாதி உண்டே. தண்ணில போட்டா ஓடும்.”

அனகாபுத்தூர் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் எங்கே போனது தெரியுமா? நைஜீரியாவுக்கு! ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று பெயர். கைக்குட்டை என்றதும் சட்டைப்பையில் மடித்து வைப்பது என்று எண்ண வேண்டாம், கஜக்கணக்கில் நீளும் துணி. அங்கே நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை வாங்கி, சின்னக் கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, அதே துணியில் புது உருவங்களை வரவழைப்பார்கள்! நெய்ததைக் குறைத்துக் குறைத்து இன்னொரு துணியாக்கும் வித்தை. நம்ம ஊர்க்காரர்கள் இழையைச் சேர்த்தார்கள், அவர்கள் இழையை எடுத்தார்கள். ஒருவரையொருவர் கண்ணால் பார்த்ததில்லை!

இதே குடும்பத்து மெட்ராஸ் செக் துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் வேடிக்கை. செடியிலிருந்து எடுத்த சாயம். குளிர்ந்த நீரில் பக்குவமாக அலசாமல் அங்கே மெஷினில் போட்டுவிட்டார்கள். கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, கூட இருந்த சட்டைக்கும் சாயம் ஏறிவிட்டது. திட்டு, புகார், ரகளை! விளம்பரக்காரர்கள் சும்மா விடுவார்களா? சாயம் ஓடுவதையே பெருமையாக்கி, கண்டிப்பாக ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். துவைக்கத் துவைக்கப் புதுச் சட்டை! விற்பனை பறந்ததாம். ஆங்கிலத்தில் அந்தத் துணிக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? ‘ரத்தம் சிந்தும் மெட்ராஸ்’!

பையன் எழுந்து நின்றுவிட்டான். “அத்தை! இதான் வியாதி! மனுஷனுக்குச் சாயம் ஓடுது! துணியில பரவுது! பேரு…”

“சாயம்மை” என்றேன். சாயம், அம்மை இரண்டும் ஒட்டிக்கொண்டன. சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போல எனக்கே தோன்றியது.

அம்மை என்று சொன்னதும் ஆயா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு இனி அவர் கையில். “வியாதின்னு சொல்லாதீங்கடா மொதல்ல. அம்மா வந்திருக்கான்னு சொல்லணும்.”

யோசித்துப் பாருங்கள், இதைவிடக் கச்சிதமான ‘ஹோம்ப்ரூ’ விதித் தொகுப்பு உலகத்தில் உண்டா? கொப்புளத்துக்குக் கொப்புளம் என்று பெயர் கிடையாது, முத்து. நோய் தாக்குவதில்லை, அம்மா இறங்குகிறாள். நோயாளி பாவப்பட்டவரில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளி அவர் உடம்பில் தங்கியிருக்கிறாள். வாசலில் வேப்பிலைக் கொத்து. வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டாள் விசேஷத்துக்குப் போகக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. இளநீர், மோர், கூழ். ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணி ஊற்ற வேண்டும், அதற்கும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். கவனித்தீர்களா? அந்த வேப்பிலைக் கொத்து தனிமைப்படுத்தல் போர்டேதான்! எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இருபதடி தூரத்திலேயே புரியும். சின்னம்மை, கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை ஒட்டும் என்கிறது இன்றைய மருத்துவம்.

அதற்காக எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று கொடி பிடிக்க மாட்டேன். பெரியம்மை வந்த பத்துப் பேரில் மூன்று பேர் செத்தார்கள். வேப்பிலை அதைத் தடுக்கவில்லை. தடுத்தது ஊசி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-ல், உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது 1980 மே 8-ல். இன்னொன்று: பெரியம்மையும் சின்னம்மையும் அக்கா தங்கை போலத் தோன்றினாலும் சொந்தமே இல்லாத இரண்டு வைரஸ்கள்!

அந்த ஊசி நம் ஊருக்கு வந்த கதை, நாங்கள் ஆடும் எந்தக் கதையையும் தூக்கிச் சாப்பிடும். அப்போது குளிர்பெட்டி ஏது? ஒரு பிள்ளையின் கையில் கிளம்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த பிள்ளை கையில் கீறி வைப்பார்கள். அந்தக் கொப்புளம் பழுத்ததும் அதற்கடுத்த பிள்ளை. இப்படிக் கையிலிருந்து கைக்கு, பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கப்பலேறி, 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கையில் பிடித்தது. அவள் கையிலிருந்து சென்னை வரை! நடுவில் ஒரே ஒரு கை தவறினால் சங்கிலி அறுந்தது.

வந்த ஊசியை மக்கள் நம்ப வேண்டுமே? சில வருஷம் கழித்துச் சென்னையில் கலெக்டரானவர் எல்லிஸ், ஆமாம், திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ்துரை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல் தமிழில் ஒரு கதை கட்டினார்! பசுவிடமிருந்து வரும் இந்த அம்மைப்பால் தேவியே தந்த வரம் என்று வரும்படி. அது நியாயமா என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கிறார்கள். எனக்கோ வேறு எண்ணம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கலெக்டர் உட்கார்ந்து ‘ஹோம்ப்ரூ’ புராணம் எழுதியிருக்கிறார்! நம்ம ஜனங்களும் இந்த வித்தையில் சளைத்தவர்களில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு. 2021-ல் அதே கோயம்புத்தூர்ப் பக்கம் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்!

அம்மை போய்விட்டது, தண்ணி ஊற்றியாயிற்று, கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? முடியவில்லை! சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. நாற்பது வருஷம், ஐம்பது வருஷம். உடம்பு தளரும் ஒரு நாளில் எழுந்து ஒரே ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும். அதற்குத்தான் அக்கி என்று பெயர். இந்த அக்கிக்கு நம் ஊர்களில் யாரிடம் போனார்கள் தெரியுமா? குயவரிடம்! அவர் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி உருவம் எழுதுவார். ‘அக்கி எழுதுவது’ என்றே அதற்குப் பெயர். உடம்பில் ஓவியம் வரைந்து நோய் தீர்க்கும் மந்திரவாதி, மண்பானை செய்யும் பெரியவர்! இன்றைக்கு அக்கி என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் மாத்திரை தொடங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் எங்கள் விளையாட்டில் குயவருக்கு இடம் உறுதியாகிவிட்டது. சாயம்மை ஒருமுறை வந்து போனவனுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம் மட்டும் சாயம் ஓடும். அவர் வந்து எழுதினால்தான் நிற்கும்.

இத்தனை விதி இருந்தும் ஒரு கேள்வி பாக்கி: ஒட்டினால் எத்தனை நாளில் தெரியும்? பையன் இருபது முகப் பகடையை எடுத்தான். ஆயா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னடா நெல்லிக்காய் மாதிரி?” என்று வைத்துவிட்டு, கீழே போய்ப் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டு வந்தார்.

இங்கே ஒரு கணக்கு, கேளுங்கள்! இருபது முகப் பகடையில் எந்த எண்ணும் விழும் வாய்ப்பு 5 சதவீதம். எல்லாம் சமம். தாயக்கட்டை அப்படியில்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழுவதற்கு நாலு வழி, அதாவது 25 சதவீதம். தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி, 12.5 சதவீதம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு ஒரே வழி, 6.25 சதவீதம். இதன் அர்த்தம் என்ன தெரியுமா? பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று, நாலு நாளில் நோய் தெரிந்துவிடும். எப்போதாவது ஒருவன் பன்னிரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் ஊரெல்லாம் சுற்றுவான். நிஜக் கிருமிகளும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கின்றன! ஏழும் எட்டும் தாயத்தில் விழவே விழாது என்பது மட்டும் மாயம். கீழடியில் தந்தப் பகடை எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலும் யாராவது இப்படி வாய்ப்பை எண்ணிப் பார்த்திருப்பார்களோ!

அந்தப் பன்னிரண்டு நாள்காரன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதற்கு விளையாட்டு உலகமே சாட்சி. 2005 செப்டம்பர் 13. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஹக்கார் என்றொரு பாம்புக் கடவுள். அவன் வீசும் ‘கெட்ட ரத்தம்’ என்ற மந்திரம் பக்கத்தில் நிற்பவருக்கும் தொற்றும். அவன் இருக்கும் இடத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும் என்றுதான் செய்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் வீரர்கள் வளர்த்த மிருகங்களில் அது ஒட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டது! தெருவெல்லாம் எலும்புக்கூடு. நகரத்துக் கடைக்காரர்கள் நோய் தெரியாமலே சுமந்து பரப்பினார்கள். சிலர் ஓடி வந்து வைத்தியம் பார்த்தார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள்! தனிமைப்படுத்திப் பார்த்தும் முடியாமல், கடைசியில் விளையாட்டையே திருத்தி நோயை அழித்தார்கள். 2007-ல் எரிக் லாஃப்கிரன், நீனா ஃபெஃபர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து லான்செட் குழுமத்துத் தொற்றுநோய் இதழில் கட்டுரையே எழுதினார்கள்.

வைத்தியம்? அதற்கான கதை எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறது. தினமும் “சானடோரியம் எறங்குங்க” என்று சொல்கிறோமே, ஒரு ஸ்டேஷனுக்குப் பெயரே காசநோய் விடுதியால் வந்தது என்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் தொடங்கியது. இங்கிலாந்தில் மெண்டிப் மலையடியில் அவர் நடத்திய விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளி யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன்! நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, இதுதான் அந்தக் கால மருந்து. அந்த நம்பிக்கையை உடைத்ததும் சென்னைதான் என்பது இன்னும் வேடிக்கை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரை விடுதியிலும் பாதிப் பேரை நெருக்கமான, வசதியில்லாத சொந்த வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வீட்டிலேயே கிட்டத்தட்ட அதே அளவு குணமாகும் என்று 1959-ல் சொன்னது. வீட்டாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்பது அடுத்து வந்த ஆய்வில் தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் விடுதிகள் மெல்ல மூடத் தொடங்கின!

இருட்டிவிட்டது. ஆட்டம் தொடங்கியது. மற்ற மூன்று பேர் கதைக்குள் அனகாபுத்தூர் சத்திரத்துக்கு வந்தார்கள். வீரன் கையில் பல்லாவரத்துக் கைக்கோடரி. (1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் எடுத்த கற்காலக் கோடரியைப் பற்றி நான்தான் வாயை விட்டேன்.) ஊர் மக்கள் தரையைப் பார்த்தே பேசுகிறார்கள். உடனே மூன்று பேரும் நாற்பது பொற்காசு கொடுத்துக் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். அண்ணன் மகன் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. சத்திரத்தில் கை கழுவினார்கள். கொடியில் ஒரே ஒரு துண்டு.

“தொடச்சுக்கறேன்” என்றான் வீரன்.

கட்டை உருண்டது. மூன்று. மூன்றாம் நாள் காலையில் அவன் அக்குளில் மஞ்சள். அவ்வளவுதான், மந்திரவாதி நெருப்புக் கோளத்தைத் தயார் செய்தான், திருடன் கத்தியை உருவினான், வீரன் கோடரியை ஓங்கினான். எதை வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

“எங்க இருக்கா அவ? எதிரி எங்க?”

“எதிரியா?” ஆயா பாயிலிருந்து நிமிர்ந்தார். “வீட்டுக்கு வந்தவள வெட்டுவியா நீ? கோடரிய வாசல்ல வெச்சிட்டு உள்ள போய்ப் படு. நெருப்ப அணைங்கடா மொதல்ல, தாளிக்கவே கூடாதுன்றேன், நெருப்பக் கொளுத்தறானுங்க. ஒருத்தன் போய் மோர் கொண்டா. ஒருத்தன் வேப்பிலை ஒடிச்சு வாசல்ல சொருகு.”

“மோருக்கு எத்தனை காசு ஆயா?”

“மோருக்குக் காசா! பக்கத்து வீட்ல கேளு, குடுப்பாங்க.”

கதைசொல்லி தலையைச் சொறிந்துகொண்டு நோட்டில் எழுதினான்: பக்கத்து வீடு, மோர், காசு இல்லை.

“எத்தனாவது நாள் தண்ணி ஊத்தறது ஆயா?”

“போட்டாத் தெரியும்” என்று கட்டையை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். ஒன்றில் மூன்று, ஒன்றில் இரண்டு. ஐந்து. எங்கள் வீட்டு ஆட்டத்தில் ஐந்து விழுந்தால் இன்னொரு தரம் உருட்ட வேண்டும். அவர் கட்டையைத் திரும்ப எடுக்கவும் மீனம்பாக்கம் போகும் விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது. விதிப்படி எல்லாரும் அசையாமல் இருந்தோம். ஆயா மட்டும் உருட்டினார்.